ஒன்றரைக்கு மேல்

தீர்த்தகிரி கொண்டுவந்தது பன்னிரண்டு பாட்டில்.
ஒன்றில் இன்னும் மாம்பழச் சாற்றின் லேபிள்.
கழுவினீர்களா என்று கேட்டேன்.
"கழுவனேங்க, அந்தந்தத் தண்ணியிலதான்."
சரியான விடை.
என் மாணவர்கள்கூட இப்படிச் சொன்னதில்லை.

எண்ணூற்றைம்பது அடி, ஆயிரத்து நூறு அடி என்று
மூடிதோறும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தார்.
பஞ்சாயத்தின் மோட்டார்களை இயக்குகிறவர்.
பாலக்கோட்டுக்குத் தெற்கே
பாறை எத்தனை ஆழம் என்பது அவருக்குத் தெரியும்.
பாறையிலிருந்து என்ன கரைந்து வருகிறது என்பது
அவர் பல்லுக்குத் தெரியும்.
என் பல்லுக்கும்.

கல்லூரியின் இன்குபேட்டர் பழுதாகி ஆறு மாதம்.
கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில்தான்
என் பாக்டீரியாக்கள் வளர்கின்றன.
முப்பத்தேழு டிகிரி.
முட்டைக்கும் ஏறக்குறைய அதுதான்.

அவற்றின் உள்ளே ஒரு டி.என்.ஏ. வளையம்.
அதில் ஒரு கட்டளை:
ஃப்ளோரைடு வந்தால் மட்டும் திற.
நான் எழுதியதில்லை.
எந்தச் சேற்றிலோ எந்தக் காலத்திலோ
ஏதோ ஒரு பாக்டீரியா தனக்காக வைத்திருந்த
ஆர்.என்.ஏ. மடிப்பை நகலெடுத்தேன்,
அவ்வளவுதான்.
குளோரைடு அதே வீட்டுப் பிள்ளை,
உப்பில் ஊறி ஊரெல்லாம் திரிவது.
அது வந்து எத்தனை முறை தட்டினாலும்
மடிப்பு அசையாது.

முதல் வருடம் எதுவுமே மஞ்சளாகவில்லை.
ஒரு குழாயும் இல்லை.
காரணம் பிறகு புரிந்தது:
உள்ளே நுழையும் ஃப்ளோரைடை
நுழைந்த வேகத்தில் வெளியே தள்ள
அதன் தோலில் ஒரு கதவு இருக்கிறது.
அந்தக் கதவின் மரபணுவை வெட்டினேன்.
ஒரு வியாழக்கிழமை, மின்சாரம் போவதற்குள்.

அதன்பின் அதற்குத் தள்ளத் தெரியவில்லை.
ஆகவே உணர்ந்தது.
உணர்திறன் பல மடங்கு கூடியது
என்று அறிக்கையில் எழுதினேன்.
இரவு பல் தேய்க்கும்போது
கண்ணாடியில் நுரைக்கு நடுவே தோன்றியது,
அதை என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்று.
வாங்கியதை எலும்பில் வைத்துக்கொள்ளும் சாதி நாம்.
அதற்கு எலும்பும் இல்லை.

லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை
குடிக்கலாம் என்கிறது விதி.
அதற்கு மேல் போனால் மஞ்சள் தெரிகிற மாதிரி
அளவு பிடிக்கவே எட்டு மாதம் ஆனது.
பன்னிரண்டு குழாய், பதின்மூன்றாவதில் வடிநீர்.
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தோம்.
தீர்த்தகிரி உட்காரவில்லை.

ஆயிரத்து நூறு அடி முதலில் நிறம் மாறியது.
பிறகு பள்ளிக்கூடத்து போர்.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
"எங்க ஊரு சிரிப்பு கலருங்க இது,"
என்று அவர் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு.
நானும் அப்படித்தான் சிரிப்பேன்,
கல்லூரி அடையாள அட்டையிலும்.

"கண்டுபிடிக்குது, சரி. எடுக்குமா?"
எடுக்காது என்றேன்.
"வேல முடிஞ்சா இத என்ன செய்வீங்க?"
ப்ளீச்சிங் ஊற்றிக் கொல்வோம் என்றேன்.
ஊற்றியும் காட்டினேன்.
மூக்கை உறிஞ்சிப் பார்த்து,
"நம்ம டேங்க் வாசனை" என்றார்.

இரண்டு குழாய் மட்டும் தெளிவாகவே நின்றன.
ஒன்று ஒகேனக்கல் தண்ணீர்,
பத்து நாளைக்கு ஒரு முறை வருவது.
இன்னொன்று மாம்பழ லேபிள்.
மூடியில் அடிக்கணக்கே இல்லை.
சும்மா இருக்கட்டும் என்று மொண்டு வந்தாராம்.

"அது போர் இல்லீங்க.
மாதையன் கொல்லைக் கெணறு, நாப்பது அடி.
கட்டட இடிசலக் கொட்டி மூடிடலாம்னு
போன வாரம்தான் தீர்மானம் போட்டாங்க."

ஃப்ளோரைடைத் தவிர வேறு எதையும்
இது சொல்லாது என்றேன்;
கிணற்றில் வேறு என்ன இருக்கிறதோ,
அதற்குத் தனிச் சோதனை வேண்டும் என்றேன்.
அவர் கேட்டதாகத் தெரியவில்லை.
வெளியே வேப்பமரத்தடியில் நின்று
ஜே.சி.பி.காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
மணி நாலரை.
ரிங் போகிறது, எடுக்கவில்லை என்று
ஜன்னல் வழியாக எனக்குக் கையைக் காட்டினார்.